மொய் நோட்டும் நிபா வைரஸும்: மருந்தில்லாத நோய்ப்பரவலை நிறுத்துவது எப்படி?

கொரோனா போகும்போது நமக்குச் சில சொற்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. குவாரண்டைன், ஐசொலேஷன், காண்டாக்ட் டிரேசிங், ஆர் வேல்யூ. டீக்கடை பெஞ்சில்கூட இவை சரளமாகப் புழங்கின. ஆனால் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள், நாலு அர்த்தம் சொல்வார்கள். பலருக்கு எல்லாமே ஒன்றுதான்: "வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் இல்லை. ஆனால் அதை விளக்கக் கொரோனா நல்ல உதாரணம் கிடையாது. அது பெருவெள்ளம், நடுவில் நின்றுகொண்டு ஆற்றின் போக்கைப் பார்க்க முடியாது. ஆரம்பமும் முடிவும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சின்ன நோய்ப்பரவலை எடுத்துக்கொள்வோம். 2018 மே மாதம், கேரளாவின் கோழிக்கோடு. நோயின் பெயர் நிபா.

அன்றைக்கு அதற்குத் தடுப்பூசி கிடையாது. குணமாக்கும் என்று நிரூபணமான மருந்தும் கிடையாது. நோய் வந்த 19 பேரில் 17 பேர் இறந்துபோனார்கள். அப்படிப்பட்ட நோய், கண்டுபிடித்த இரண்டு வாரத்துக்குள் நின்றது. ஜூன் 1-க்குப் பிறகு ஒரு புது நோயாளிகூட இல்லை.

மருந்தே இல்லாமல் எப்படி நின்றது?

முதல் ஆளை யாருக்கும் தெரியாது

கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஓர் இளைஞருக்குக் காய்ச்சல். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்புறம் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். மே 5 அன்று அவர் இறந்தார். காய்ச்சலில் ஒருவர் இறப்பது வருத்தமான செய்திதான், ஆனால் அதில் யாருக்கும் சந்தேகம் எழ ஒன்றும் இல்லை. அவருடைய மாதிரியைச் சோதிக்கும் வாய்ப்பே வரவில்லை.

இரண்டு வாரம் ஆனது. அதே குடும்பத்தில் அவருடைய சகோதரர், அப்பா, உறவுப் பெண் ஒருவர் என்று வரிசையாகப் படுத்தார்கள். சகோதரரைச் சேர்த்த தனியார் மருத்துவமனையில்தான் மருத்துவர்களுக்கு உறுத்தியது. மூளைக்காய்ச்சல்போல இருக்கிறது, ஆனால் மூளைக்காய்ச்சல் பொதுவாக ஒரு வீட்டையே இப்படி வரிசையாகப் படுக்க வைக்காதே? மாதிரிகளை மணிப்பாலில் இருந்த வைரஸ் ஆய்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நிபா என்று தெரிந்தது. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் மே 20 அன்று அதை உறுதி செய்தது.

இந்த உறுத்தலுக்குத்தான் பொதுச் சுகாதாரத்தில் "நோய்க் கண்காணிப்பு" என்று பெயர். பெயரைக் கேட்டால் கேமரா, கணினி, கட்டுப்பாட்டு அறை என்று தோன்றும். உண்மையில் அது ஒரு கேள்விதான்: வழக்கமாக இருப்பதைவிட இங்கே ஏதாவது மாறி இருக்கிறதா? ஊர்க் கடைசியில் இரவுக் காவலுக்கு இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாய் குரைப்பதை அவர் கண்டுகொள்வதில்லை. தினமும் குரைக்கிற நாய் ஒருநாள் குரைக்காவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். வழக்கம் எது என்று தெரிந்தவருக்கே வழக்கத்துக்கு மாறானதும் தெரியும்.

இந்த உறுத்தல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் நிபாவின் சொந்த வரலாறே சாட்சி. 1998-இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது. இங்கே படுத்தவர்கள் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். குறிப்புகள் எல்லாம் கண்முன்னே கிடந்தன. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்பவர் இது வேறு வைரஸ் என்று பிரித்துக் காட்டினார். சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயரே வைரஸுக்கும் ஒட்டிக்கொண்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகுதான் அது அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. கொசுவைத் துரத்திக்கொண்டிருந்த மாதங்களின் விலை அது.

ஆக, முதல் படி மருந்து தேடுவதில்லை. எதோடு மோதுகிறோம் என்று தெரிந்துகொள்வது. கோழிக்கோட்டில் முதல் நோயாளி கண்ணில் படாமல் தப்பிப் போனார், இரண்டாமவரிடம் பிடித்துவிட்டார்கள். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பயறு ஊறும் நேரம்

இரவில் பச்சைப் பயறை ஊற வைக்கிறோம். மறுநாள் காலையில் பார்த்தால் பயறு உப்பியிருக்கும், முளை இருக்காது. முளைக்கப் போகிற பயறும் முளைக்காத பயறும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஈரத்துணியில் கட்டி வைத்து, இன்னொரு நாள் போனால்தான் எது எது என்று தெரியும்.

கிருமியும் அப்படித்தான். உடலுக்குள் நுழைந்த நாளிலிருந்து முதல் அறிகுறி தெரியும் நாள்வரை உள்ள இடைவெளிக்கு "நோயரும்பு காலம்" என்று பெயர். நிபாவுக்கு அது பொதுவாக 4 முதல் 14 நாள். சில பேருக்குக் கூடுதலாகவும் ஆகலாம் என்பதால் கேரளாவில் 21 நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

இந்த ஓர் எண் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு நோயாளியோடு இருந்தவர் இன்று நன்றாக இருக்கிறார் என்பதற்கு ஒரு பொருளும் இல்லை. பயறு இன்னும் ஊறிக்கொண்டிருக்கலாம். 21 நாள் கழிந்தும் நன்றாக இருந்தால் பொருள் உண்டு.

எல்லைச் சோதனையின் கதையும் இதுதான். 2023-இல் கேரளாவில் மறுபடியும் நிபா வந்தபோது, வாளையாறு, நாடுகாணி போன்ற சோதனைச் சாவடிகளில் தமிழ்நாட்டுச் சுகாதார ஊழியர்கள் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்த்தார்கள். நெற்றிக்கு நேரே நீட்டும் அந்தக் கருவி இன்று காய்ச்சல் உள்ளவரைக் காட்டும். ஊறிக்கொண்டிருக்கும் பயறைக் காட்டாது. சோதிப்பது வீண் என்று சொல்லவில்லை. "நெற்றியில் கருவி வைத்துப் பார்த்தாச்சு, இனி பயமில்லை" என்று நினைப்பதுதான் தப்பு.

மொய் நோட்டு

இப்போது மையமான விஷயத்துக்கு வருவோம்.

நம் ஊர்க் கல்யாணத்தில் மண்டப வாசலில் ஒரு மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் பெயர், ஊர், அப்பா பெயர், கொடுத்த தொகை எல்லாம் நோட்டில் ஏறும். பத்து வருடம் கழித்துப் புரட்டினாலும் அந்த நாளில் அந்த இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். நோய்ப்பரவலின்போது சுகாதாரத் துறை செய்யும் மிக முக்கியமான வேலை, நடந்து முடிந்த ஒரு கல்யாணத்துக்குப் பின்னோக்கிப் போய் மொய் நோட்டு எழுதுவது. இதைத்தான் காண்டாக்ட் டிரேசிங் என்றார்கள். நாம் "தொடர்புத் தடமறிதல்" என்று வைத்துக்கொள்ளலாம். நோயாளியோடு நெருக்கத்தில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் பட்டியலிட்டு, நோயரும்பு காலம் முடியும்வரை அவர்களைக் கண்ணில் வைத்திருப்பது.

சொல்ல எளிது. கோழிக்கோட்டில் எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். முதல் நோயாளி இறந்தே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவரிடம் கேட்க முடியாது. அவரைச் சேர்த்த நாளில் அந்த வார்டில் யார் இருந்தார்கள்? பக்கத்துக் கட்டிலில் யார்? அந்த நோயாளிக்குத் துணைக்கு வந்தவர் யார்? மருத்துவக் கல்லூரியில் சி.டி. ஸ்கேன் அறைக்கு வெளியே நடைபாதையில் அவர் காத்திருந்தார். அதே நடைபாதையில் அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? நம் அரசு மருத்துவமனைகளின் நடைபாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கல்யாண மண்டபத்தைவிட நெரிசலான இடம். அங்கே மொய் எழுத மேசையும் கிடையாது.

அப்படித் தேடித் தேடி எழுதிய பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. ஒவ்வொருவருக்கும் தினமும் தொலைபேசி: காய்ச்சல் உண்டா, தலைவலி உண்டா, இருமல் உண்டா? உண்டு என்றால் உடனே ஆள் போகும், மாதிரி எடுக்கும், தேவைப்பட்டால் தனி வார்டு. இல்லை என்றால் மறுநாள் அதே கேள்வி. இப்படி 21 நாள். யாராவது இதைப் படம் எடுத்தால் இடைவேளைக்கு முன்பே ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் வேலை செய்தது இந்தச் சலிப்பான பகுதிதான்.

மொய் நோட்டில் எல்லாரும் ஒன்றில்லை. தாய்மாமன் முறை வேறு, தெருக்காரர் முறை வேறு. இங்கேயும் அப்படித்தான். நோயாளியைத் தூக்கிப் படுக்க வைத்தவர், வாந்தி துடைத்தவர், பக்கத்திலேயே இரவெல்லாம் இருந்தவர் என்றால் ஆபத்து அதிகம். அதே கட்டடத்தில் வேறு மாடிக்கு வந்து போனவர் என்றால் குறைவு. கையில் இருக்கும் ஆட்கள் கொஞ்சம்; அவர்களை முதலில் எங்கே அனுப்புவது என்பதற்கே இந்தத் தரம் பிரிப்பு.

இங்கே நிபாவின் ஒரு குணம் உதவியாக அமைந்தது. அது பெரும்பாலும் நோயாளி முற்றிப் படுத்து, இருமும் நிலையில் நெருங்கி இருப்பவர்களுக்குத் தொற்றுகிறது. நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஆள் அதைப் பரப்பிக்கொண்டு திரிவதில்லை. அதனால்தான் கோழிக்கோட்டில் நோய் சந்தையில் பரவவில்லை, பேருந்தில் பரவவில்லை. வீட்டிலும் மருத்துவமனையிலும் பரவியது. கொரோனா இதற்கு நேர் எதிர். இரண்டு நாளில் காய்ச்சல் வரப் போகிற ஆள், இன்று சிரித்துப் பேசிக்கொண்டே மூன்று பேருக்குக் கொடுத்துவிடுவார். பட்டியல் எழுதுகிறவரின் பேனாவைவிட அது வேகமாக ஓடியது. கொரோனாவில் தடமறிதல் ஒரு கட்டத்துக்கு மேல் திணறியதற்கு இது பெரிய காரணம். ஒரு நோய்க்கு எடுபட்ட வழி இன்னொன்றுக்கு எடுபடாமல் போனால், "அப்போ மட்டும் முடிந்தது, இப்போ ஏன் முடியவில்லை?" என்று கேட்பதற்கு முன், அறிகுறிக்கு முன்னால் பரவுகிறதா பின்னால் பரவுகிறதா என்று கேட்பது நல்லது.

இரண்டு தனிமைகள்

ஐசொலேஷன், குவாரண்டைன் இரண்டையும் தமிழில் "தனிமைப்படுத்தல்" என்று ஒரே சொல்லால் சொல்லிவிட்டோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

நோய் வந்துவிட்டது என்று தெரிந்தவரைப் பிரித்து வைத்துச் சிகிச்சை தருவது ஐசொலேஷன். அவர் நோயாளி. நோய் வந்திருக்கலாம் என்று சந்தேகப்படும் ஆளை, நன்றாக இருக்கும்போதே, நோயரும்பு காலம் தீரும்வரை விலக்கி வைப்பது குவாரண்டைன். அவர் நோயாளி இல்லை; ஊறவைத்த பயறு. இந்த இருவரையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சொல் ஒன்றானால் செயலும் ஒன்றாகிவிடுகிறது. நோய் இல்லாதவரை நோயாளியாகப் பார்க்கும் பழக்கமும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

குவாரண்டைன் என்ற சொல் இத்தாலி வழியாக வந்தது. பிளேக் காலத்தில் வந்த கப்பல்களை 40 நாள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். நாற்பதைக் குறிக்கும் சொல்தான் பிறகு இப்படி ஆனது. அந்த 40-க்கு அறிவியல் அளவை எதுவும் அன்றைக்குக் கிடையாது. நமக்கும் இதில் ஒரு நினைவு உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை, காலராவும் பிளேக்கும் அவர்களோடு கடல் தாண்டிவிடக் கூடாது என்று, மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி வைத்தே அனுப்பினார்கள். பிற்காலத்தில் இலங்கை அகதிகள் வந்து இறங்கியதும் அதே மண்டபம் முகாமில்தான்.

குவாரண்டைனில் ஒருவரை வைக்கும்போது அவரிடம் நாம் கேட்பது பெரிய தியாகம். அவருக்கு ஒரு நோயும் இல்லை. பட்டியலில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கடைசிவரை வரவும் இல்லை. தினக்கூலிக்குப் போகிறவர் 21 நாள் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரிய வேண்டாமா? கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் கண்காணிப்பில் இருந்த குடும்பங்களுக்கு அரிசி, மளிகைப் பொருட்கள் கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. இதைச் சிலர் கருணை என்பார்கள். எனக்கு அது நோய்த்தடுப்பு நடவடிக்கை என்றே படுகிறது. அரிசி தீர்ந்தவர் வேலைக்குப் போய்விடுவார், பட்டியல் ஓட்டையாகும்.

சுருக்கமாக: நோயாளிக்கு ஐசொலேஷன், தொடர்பில் இருந்தவருக்கு குவாரண்டைன். முதலாவது எத்தனை நாள் என்பதை நோய் தீர்மானிக்கும், இரண்டாவதை நோயரும்பு காலம் தீர்மானிக்கும்.

வட்டி குட்டி போடும் கணக்கு

தொலைக்காட்சியில் அடிக்கடி அடிபட்ட "ஆர்" என்பது என்ன? ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்ற எண். பரவல் எண் என்று சொல்லலாம்.

கந்துவட்டிக் கடன் மாதிரி. ஒரு கடனை அடைக்க இரண்டு கடன் வாங்கினால் 1, 2, 4, 8, 16 என்று போய், பத்தாவது சுற்றில் ஆயிரத்தைத் தாண்டும். இரண்டு கடனை அடைக்க ஒரு கடன் என்று வந்துவிட்டால் 16, 8, 4, 2, 1. எல்லைக்கோடு ஒன்று என்ற எண். அதற்கு மேலே இருந்தால் வளரும், கீழே போனால் தேயும். பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஒன்றுக்குக் கீழே தள்ளிப் பிடித்து வைத்திருந்தால் போதும். ஆட்கள் குறைவாக உள்ள சுகாதாரத் துறைக்குக் கிடைக்கும் ஒரே நல்ல செய்தி இது.

இங்கே ஒரு பெரிய தவறான புரிதல் இருக்கிறது. இந்த எண்ணைக் கிருமியின் பிறவிக் குணம்போலப் பேசுகிறோம். பங்களாதேஷில் 2001 முதல் 2014 வரை நிபா வந்த 248 பேரை ஆராய்ந்தபோது பரவல் எண் சராசரியாக 0.33 என்று வந்தது. மூன்று நோயாளிக்கு ஒரு புது நோயாளி. பத்தில் ஒன்பது பேர் யாருக்குமே கொடுக்கவில்லை. "அப்படியானால் தானாகவே நின்றிருக்குமே, கேரளாவில் எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பதில் அந்த நடைபாதையில் இருக்கிறது. கோழிக்கோட்டில் நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது முதல் நோயாளி ஒருவரிடமிருந்தே வந்தது. அதே வைரஸ்தான். வீட்டுத் திண்ணையில் ஒருவர் படுத்திருந்தால் ஒருவருக்குக்கூடப் போகாமல் இருக்கலாம். இருமலோடு நெரிசலான வார்டில் படுத்திருந்தால் பத்துப் பதினைந்து பேருக்குப் போகலாம். 2001-இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் நிபா வந்தபோது நடந்ததும் இதுவே. 66 பேருக்கு நோய், 45 பேர் சாவு, பரவியது பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள். ஆக, பரவல் எண் என்பது கிருமி, மனிதர், இடம் மூன்றும் சேர்ந்து உண்டாக்குவது. கிருமியை மாற்ற முடியாது, இடத்தை மாற்றலாம். துணைக்கு ஒருவர் போதும், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடைவெளி, காய்ச்சல்காரர்களுக்குத் தனி வழி, தொடும் முன் கையுறை, முகக்கவசம். மருந்தில்லாத நோய்க்கு இவையே மருந்து.

பயம் பட்டியலைத் தின்னும்

முதல் நோயாளியைப் பேராம்பிரா மருத்துவமனையில் கவனித்துக்கொண்டவர் செவிலியர் லினி. வந்திருப்பது என்ன நோய் என்று தெரியாத நாட்களில் அவர் தன் வேலையைச் செய்தார். மே 21 அன்று, நிபா என்று உறுதியான மறுநாள், அவர் இறந்தார். தொற்று அபாயத்தால் உடலை வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் எரியூட்டினார்கள்.

அதே நாட்களில், பேராம்பிரா மருத்துவமனையின் செவிலியர்களைப் பேருந்திலும் ஆட்டோவிலும் ஏற்ற மறுத்தார்கள். லினியின் மரணத்துக்குக் கண்ணீர் விட்டவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான், இவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். பயம் வந்தால் மனிதர் இப்படித்தான் ஆகிறோம். கொரோனாவின்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டிய அன்றே பால்காரர் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். நானும் எதிர்ப்பக்கமாக நடந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒழுக்கக் கேள்வியை ஒருபுறம் வைப்போம். கணக்காக மட்டும் பார்த்தாலும் இது பரவலை வளர்க்கும். பெயர் சொன்னால் ஊர் ஒதுக்கும் என்று தெரிந்தால் யார் பெயர் சொல்வார்? "நான் அந்த வார்டுக்குப் போகவே இல்லை" என்பார். மொய் நோட்டில் அந்த வரி விடுபடும். விடுபட்ட அந்த ஒருவர் நோயாளியாகி இன்னொரு மருத்துவமனையில் போய்ப் படுப்பார். அதனால் தினமும் எத்தனை பேர், எந்தப் பகுதி, என்ன செய்கிறோம் என்று மறைக்காமல் அறிவிப்பதும் தடுப்பு வேலையில் சேர்த்தி. அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே. ஷைலஜா கோழிக்கோட்டிலேயே முகாமிட்டுச் செய்தியாளர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். வதந்திக்கு முன்னால் செய்தி போய்விட்டால் வதந்திக்கு வேலை குறைவு.

வௌவால் விஷயமும் பயத்தோடு சேர்ந்ததுதான். பழந்தின்னி வௌவால்களின் உடலில் நிபா வைரஸ் அவற்றுக்குத் தீங்கு செய்யாமல் வாழ்கிறது. பங்களாதேஷில் ஈச்ச மரத்தில் இரவெல்லாம் பதநீர்போல வடியும் சாற்றை வௌவால் நக்கிவிட்டுப் போகும். அதைக் காய்ச்சாமல் குடித்தவர்களுக்கு நோய் வந்தது. உடனே வௌவாலை விரட்டலாமா, மரத்தை வெட்டலாமா என்ற பேச்சு எழும். தமிழ்நாட்டு வௌவால்களின் உடலிலும் நிபாவுக்கு எதிரான எதிர்ப்பொருள், அதாவது வைரஸ் வந்து போனதன் அடையாளம், இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் நம்மிடம் உண்டு. அங்கே மனிதரும் வௌவாலும் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வருகிறார்கள். இருப்பிடம் கலைந்த வௌவால் வேறு தோப்புக்கு, வேறு ஊருக்குத்தான் போகும். நாம் செய்ய வேண்டியது சின்னது: கடித்த பழத்தைத் தொடாதிருப்பது, கீழே விழுந்ததைத் தின்னாதிருப்பது, மற்றதைக் கழுவித் தின்பது.

அடுத்த முறை

இதுவரை சொன்னது எல்லாம் நோய் வந்த பிறகு செய்வது. அதற்கு முன்னால் செய்து வைப்பதற்குத் "தயார்நிலை" என்று பெயர். மாநாடு, கோப்பு, ஒத்திகை என்று ஒலிக்கும் இந்தச் சொல்லுக்கு நடைமுறையில் என்ன பொருள்? கேரளாவின் அடுத்தடுத்த வருடங்களைப் பாருங்கள்.

2019 ஜூனில் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கண்காணித்தார்கள். வேறு யாருக்கும் பரவவில்லை, மாணவரும் பிழைத்தார். 2021 செப்டம்பரில் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவன் இறந்தான். அப்போதும் ஒருவருக்கும் பரவவில்லை. புனே நிறுவனத்தார் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கே வந்து சோதனைக்கூடம் அமைத்தார்கள். மாதிரி ஊர் ஊராகப் பயணம் போகும் நேரம் மிச்சமானது. இடையில் எந்த மருந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை. மாறியது வேறு. காய்ச்சலோடு குழப்பமும் தெரிந்தால் நிபாவாக இருக்குமோ என்று சந்தேகிக்க மருத்துவர்கள் பழகியிருந்தார்கள். யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்தது. பாதுகாப்பு உடையை எப்படிப் போட்டு எப்படிக் கழற்றுவது என்று பயிற்சி எடுத்திருந்தார்கள். போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து. வெளிப்பக்கம் கையில் பட்டுவிடும்.

ஆனால் தயார்நிலை ஒன்றும் மந்திரம் இல்லை. 2023 ஆகஸ்ட் 30 அன்று கோழிக்கோட்டில் ஒருவர் காய்ச்சலில் இறந்தார். நிபா என்று அப்போது யாரும் சந்தேகிக்கவில்லை. அவர் இருந்த மருத்துவமனை வழியாக மற்றவர்களுக்குப் போனது. மொத்தம் 6 பேருக்கு நோய், 2 பேர் சாவு. 2018-இல் நடந்ததுபோலவே முதல் ஆள் தப்பிப் போனார். இத்தனை அனுபவம் உள்ள ஊரில்கூட முதல் நோயாளியை முதலிலேயே பிடிப்பது கடினம். காய்ச்சலோடு வரும் ஆயிரம் பேரில் ஒருவர் அவர். அதனால் கெட்டிக்காரத்தனம் முதல் ஆளைப் பிடிப்பதைவிட இரண்டாம் ஆளோடு நிறுத்துவதில் இருக்கிறது. கூடவே, எந்த நோயாளியாக இருந்தாலும், பெயர் தெரியாத காய்ச்சலாக இருந்தாலும், கையுறையும் முகக்கவசமும் கைகழுவலும் எப்போதும் இருந்தால் முதல் ஆள் தப்பினாலும் சேதம் குறையும்.

தயார்நிலைக்கு ஒரு சாபமும் உண்டு. அது வேலை செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காவிட்டால், "இதுக்கா இவ்வளவு செலவு?" என்பார்கள். ஆற்றங்கரையை உயர்த்திய வருடம் வெள்ளம் ஊருக்குள் வராவிட்டால் கரைக்குச் செலவழித்தது வீண் என்று சொல்வதுபோல. 2019-ஐப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, கவனித்தீர்களா? பேச அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

எப்போது முடிந்தது என்பார்கள்?

கடைசி நோயாளி குணமான அன்று முடிந்துவிடாது. அவரிடமிருந்து யாருக்காவது போயிருந்தால் அது தெரிய 21 நாள் ஆகலாம். நோட்டில் ஏறாமல் விடுபட்ட ஒருவர் இருந்து, அவர் வழியாக இன்னொரு சுற்று நடந்திருந்தால்? அதற்கும் ஒரு 21. ஆக 42 நாள் புதிதாக யாரும் வராமல் இருந்தால்தான் முடிந்ததாக அறிவிப்பார்கள். 2023-இல் செப்டம்பர் நடுவில் கடைசி நோயாளி உறுதியானார். அக்டோபர் இறுதிவரை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அந்த 42 நாளின் பிற்பாதியில் செய்தியாளர்கள் போய்விட்டிருப்பார்கள், கடைத்தெரு திறந்திருக்கும், ஜனங்கள் முகக்கவசத்தை மறந்திருப்பார்கள். சுகாதார அலுவலகத்தில் மட்டும் ஒருவர் புதிதாக வரும் காய்ச்சல்களை ஒவ்வொன்றாகக் கேட்டு விசாரித்துக்கொண்டிருப்பார். எங்கே போயிருந்தீர்கள்? யாரைப் பார்த்தீர்கள்? வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் உண்டா?